கொடையாக வந்த கருவி

ஒருவர் நமக்கு ஒரு பொருளைக் கொடுக்கிறார். அந்தப் பொருள் எப்படி என்று மற்றவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். பொருளில் குறை இருக்கிறது. இப்போது நாம் செய்ய வேண்டியது என்ன? கொடுத்தவருக்கு நன்றி பாராட்டுவதும் அறம். கேட்பவருக்கு உண்மை கூறுவதும் அறம். இரண்டையும் சிறுவயது முதலே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதை மட்டும் பலரும் சொல்லித் தருவதில்லை.

பழமையான இந்தச் சிக்கல் நம் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் தலைதூக்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களின் மீது பெரும் பற்றுக் கொண்ட ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் புதிய ரம்பங்களை இயக்கிக் காட்டி, நிறைகுறைகளை எடுத்துக்கூறி இணையத்தில் மதிப்புரை வழங்குகிறார்கள். அந்த ரம்பங்களுள் பல, தயாரிப்பு நிறுவனங்கள் விலையின்றி அனுப்பியவை. சிக்கல் பிறப்பது அங்கேதான்.

ஒரு ரம்பத்தின் மீது இவ்வளவு பற்றா என்று வாசகர்கள் வியக்கலாம். அந்தக் கருவியின் வரலாற்றை அறிந்தால் வியப்பு சற்றுக் குறையும். ஜெர்மனியில் 1926-இல் தொழில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டீல், 1929-இல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பம் ஏறத்தாழ 46 கிலோ எடை கொண்டது. அதைத் தூக்கி இயக்க இருவர் தேவைப்பட்டனர். இன்று தொழில்முறையில் மரம் வெட்டுவோர் வைத்திருப்பவை பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ எடையுள்ளவை. சங்கிலியின் பற்களுக்கும் ஒரு கதை உண்டு. ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் வண்டின் புழு ஒன்று அடிமரத்தை இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைக் கூர்ந்து கவனித்தார். புழுவின் தாடைகளை ஒத்த பற்களைக் கொண்ட சங்கிலியை உருவாக்கி, 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் அந்தப் புழுவுக்குக் கடன்பட்டவை. அந்தக் கடனுக்காக யாரும் அதைப் புகழ்ந்தாக வேண்டியதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஆர்வலர்கள் பழுதடைந்த பழைய ரம்பங்களைத் தேடி வாங்கிச் சீர்செய்கிறார்கள். விடுமுறை நாள்களில் ஒன்றுகூடி, ஒரே அடிமரத்தைப் பல ரம்பங்களால் அறுத்து நேரம் கணக்கிடுகிறார்கள். அறுந்து விழும் வட்டத் துண்டை 'குக்கி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். இந்த ஆர்வத்தில் பழுது ஏதுமில்லை. கருவியை மதிப்பவனே அதை நன்கு பேணுவான்.

இத்தகைய ஒருவரின் வீட்டு வாசலில் ஒரு நாள் பெட்டி ஒன்று வந்து இறங்குகிறது. உள்ளே புத்தம் புதிய ரம்பம். உடன் வரும் கடிதத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. "பயன்படுத்திப் பாருங்கள், உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்" என்ற அளவில்தான் இருக்கும். ஆயினும் கொடுத்தவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்பது பெற்றவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பது கொடுத்தவருக்கும் தெரியும்.

இந்தப் பெட்டியை எந்தச் சொல்லால் அழைப்பது? மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர் இந்தத் தடுமாற்றத்தை அறிவர். ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்ற ஒரே சொல் நிற்குமிடத்தில், தமிழில் கொடை, ஈகை, தானம், பரிசு, அன்பளிப்பு, காணிக்கை, கையூட்டு எனப் பல சொற்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் ஓர் அறத்தீர்ப்பை வழங்கிவிடுகிறோம். இன்னொரு செய்தி: ஸ்டீல் ரம்பங்கள் பிறந்த ஜெர்மன் நாட்டில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு என்று பொருள். வேர் ஒன்றே, 'கொடு' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் ஒரு மொழியில் பரிசாகவும் மற்றொன்றில் நஞ்சாகவும் ஆயிற்று.

தானம் என்பதற்கு நம் சாஸ்திர அறிஞர்கள் தரும் இலக்கணம் துல்லியமானது. ஒரு பொருளின் மீது 'எனது' என்றிருந்த உரிமை முற்றிலும் நீங்கி, அது பிறருடைய உரிமையாவதே தானம். வேள்வியில் ஆகுதி இடுபவர் 'இது என்னுடையதன்று' என்று கூறுவதன் கருத்தும் இதுவே. பொருள் கைமாறிய பின்னும் 'என் ரம்பத்தைப் பற்றி என்ன சொல்கிறார் பார்ப்போம்' என்ற எண்ணம் கொடுத்தவர் மனத்தில் நிற்குமானால், உரிமை முழுதும் நீங்கவில்லை. பொருளோடு ஒரு கயிறும் சேர்ந்தே போயிருக்கிறது. பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயம், கைம்மாறு கருதிச் செய்யும் தானத்தை ராஜஸம் என்று வகைப்படுத்துகிறது. பாவம் என்று கூறி அதை ஒதுக்கவில்லை. அதற்குரிய தட்டில் வைக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வு வேறொரு திசையிலிருந்து இதே இடத்தை வந்தடைகிறது. ஓரிகனுக்கு வடக்கே, பசிபிக் கரையோரக் காடுகளில் வாழ்ந்த பழங்குடியினரின் கொடை விழாக்களையும், பசிபிக் தீவு மக்களின் வழக்கங்களையும் அவர் ஆராய்ந்தார். கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் அங்கே கடமைகள் என்று காட்டினார். விருப்பப்படி கொடுப்பது போலத் தோன்றினாலும், கொடை பெற்றவரைக் கட்டிவிடுகிறது.

ஆகவே நிறுவனத்தின் மீது குற்றம் சுமத்த வேண்டியதில்லை. வணிகர் தம் பொருள் பேசப்பட வேண்டும் என்று விரும்புவது வணிகத்தின் இயல்பு. அதைக் கொடை என்று அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. விளம்பரச் செலவு என்று அழைத்துவிட்டால், அங்கே நன்றிக்கடன் என்ற கேள்வியே எழாது.

இதில் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மதிப்புரையாளரின் கொட்டகையில் பத்து ரம்பங்கள் இருக்கக்கூடும். அவர் சொல்லை நம்பி வாங்குபவரிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. குளிர்காலத்து விறகுக்காகவோ, புயலில் வேலிமேல் சாய்ந்த மரத்தை அகற்றவோ அவர் அதை வாங்குகிறார். சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அது சுற்றிவரும் தகட்டின் நுனியில் மேற்பகுதி மரத்தில் இடித்தால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் இயக்குபவரின் முகத்தையோ தோளையோ நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வேலை செய்தாக வேண்டும். அதிர்வைத் தாங்கும் அமைப்பு சரியில்லாத கருவியை நாள்தோறும் பல மணி நேரம் பிடித்தால், விரல்களில் குருதியோட்டம் குன்றி, அவை வெளுத்து உணர்விழக்கும். 'பிரேக் சற்று இறுக்கமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றை மதிப்புரையாளர் நன்றியுணர்வால் விழுங்கிவிட்டால், விலை கொடுப்பவர் வேறொருவர்.

மதிப்புரையாளர் பொய்யே சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதன் நுட்பம். காய்ந்த ஓக் மரத்தை விட்டுவிட்டு மென்மையான பைன் மரத்தை அறுத்துக் காட்டினால் போதும். தீட்டிய சங்கிலி பூட்டிய சாதாரண ரம்பம், மழுங்கிய சங்கிலி பூட்டிய வலிய ரம்பத்தை வென்றுவிடும். ஒப்பிடும்போது எதற்கு அரம் போட்டோம், எதற்குப் போடவில்லை என்பதிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாகக் காலம். புதிய ரம்பம் எதுவாயினும் முதல் வாரத்தில் நன்றாகவே அறுக்கும். கார்புரேட்டர் மக்கர் செய்வதும், எண்ணெய் கசிவதும், சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப மறுப்பதும் பிறகுதான் வெளிப்படும். கொடையாக வந்த கருவிக்கோ, வந்த சூட்டோடு மதிப்புரை வேண்டும். உண்மை இரண்டு பருவங்கள் கழித்து வருகிறது. நன்றியுரை இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறது.

இந்த மோதலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருக்குறளில் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதற்கு அடுத்தது நடுவுநிலைமை. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் காட்டுகிறார். பகைவர், அயலார், நண்பர் ஆகிய மூவரிடத்தும் ஒப்ப நிற்பதே நடுவுநிலைமை. நமக்கு நன்மை செய்தவரின் நன்றியை நினைக்கும்போது அது சிதையக்கூடும். அவ்விடத்தும் சிதையலாகாது என்று உணர்த்தவே செய்ந்நன்றி அறிதலை அடுத்து இது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகையால் நீதி வளைவதை எவரும் எளிதில் கண்டுகொள்வர். நன்றியால் வளைவதைக் கண்டுகொள்வது கடினம். ஏனெனில் வளைப்பது ஒரு நற்குணம்.

நடுவுநிலைமை ஏன் மேலோங்க வேண்டும்? என் கருத்தில் காரணம் இதுதான். நன்றிக்கடன் என்னுடையது, அதை என் உடைமையிலிருந்து தீர்க்க வேண்டும். என் நேரத்தைத் தரலாம், உழைப்பைத் தரலாம், பண்டிகை நாளில் ஒரு கடிதம் எழுதலாம். கேட்பவருக்குச் சேர வேண்டிய உண்மை என் உடைமையன்று. அவர் நம்பிக்கையோடு என்னிடம் ஒப்படைத்திருக்கும் இடத்தில், அவருக்கு உரியதை எடுத்து என் கடனை அடைப்பது, பிறர் பணப்பையிலிருந்து என் கடனைத் தீர்ப்பதாகும். அத்தகைய நன்றியை எந்த நூலும் நன்றி என்று ஏற்காது.

சட்டம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. விலையின்றிப் பெற்ற பொருளைப் பற்றிப் பேசுவோர் அதை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்பதை அமெரிக்க வணிக ஆணையம் 2009-இல் திருத்திய வழிகாட்டுதல்களில் தெளிவாக்கியது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் இதே கருத்துடைய வழிகாட்டியை வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்னும் மூன்று அறிஞர்கள் 2005-இல் வெளியிட்ட சோதனை சிந்திக்க வைப்பது. ஒரு ஜாடியில் உள்ள நாணயங்களின் மதிப்பைச் சிலர் தொலைவிலிருந்து ஊகிக்க வேண்டும். அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்களுக்கு ஆலோசனை கூறுவர். ஊகம் மிகுந்தால் ஆலோசகருக்கு ஆதாயம். அந்த ஆதாயம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டபோது ஆலோசகர்கள் நேர்மையாகிவிடவில்லை. முன்னிலும் அதிகமாக மிகைப்படுத்திச் சொன்னார்கள். 'முன்பே சொல்லிவிட்டேனே' என்ற எண்ணம் மனச்சாட்சிக்குத் தாலாட்டாகிவிடுகிறது போலும்.

இதைவிடக் கூர்மையான விளக்கம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நம் நேரடி வரிகள் வாரியம் 2022 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை, விளம்பரத்திற்காகப் பெற்ற பொருளைப் பயன்படுத்திய பின் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தால் அது ஆதாயமாகாது; வைத்துக்கொண்டால் ஆதாயம் என்கிறது. வரி அலுவலர்கள் தத்துவம் பேசவில்லைதான். ஆயினும் இரவலுக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. அறுத்துப் பார்த்துத் துடைத்து, எண்ணெய் வடித்து, பெட்டியிலிட்டு அனுப்பிவிடும் மதிப்புரையாளரின் தோளில் சுமை குறைவு.

1936-இல் அமெரிக்காவில் தோன்றிய நுகர்வோர் சங்கம் இன்னும் கடினமான வழியைப் பின்பற்றுகிறது. 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற அதன் இதழ், சோதிக்கும் பொருள்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலை கொடுத்தே வாங்குகிறது; விளம்பரங்களை ஏற்பதில்லை. தனி ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் இது இயலாது. தவிர, விலை கொடுத்து வாங்கிவிட்டால் பற்று நீங்கிவிடும் என்பதும் இல்லை. பெருந்தொகை கொடுத்தவர் தம் தேர்வு தவறென்று ஒப்புக்கொள்ள மனமின்றி அந்த ரம்பத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதையும், வேறு நிறுவனத்து ரம்பத்தை ஒருவர் புகழ்ந்தால் சினம் கொள்வதையும் ஆர்வலர் கூட்டங்களில் காணலாம். கொடை வளைப்பதைப் போலவே 'எனது' என்னும் எண்ணமும் வளைக்கிறது.

எஞ்சி நிற்பது மௌனம். நேர்மையான மதிப்புரையாளர்களுள் சிலர், நன்றாக இல்லாத கருவியைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். கொடுத்தவரைப் புண்படுத்தவில்லை, பொய்யும் சொல்லவில்லை. இது நாகரிகமான வழியாகத் தோன்றுகிறது. ஆனால் பேசப்பட்ட பத்து ரம்பங்களும் நல்லவை என்று கேட்பவர், பதினோராவது ஒன்று வந்து போனதை அறியமாட்டார். அந்தப் பதினோராவதைத்தான் அவர் வாங்கும் எண்ணத்தில் இருக்கலாம். பெற்ற கருவிகள் அனைத்தின் பெயரையும், பேசியவை இவை, பேசாதவை இவை என்று ஆண்டுக்கொரு முறை ஒரே தாளில் எழுதி வெளியிட்டால், மேற்கொண்டு ஒரு சொல்லும் கூறாமலேயே கேட்பவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டு வாசலில் வந்து இறங்கும் பெட்டிகளின் எண்ணிக்கை சற்றுக் குறையலாம்.