வெறுப்புக்கு இடங்கொடுத்த வீட்டில் இருக்கலாமா?



ஒருவன் தன் அயலானைப் பற்றிக் கொடிய பகைமை பேசுகின்றான். அவன் வாயை அடைக்க உங்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் அவனுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் கொடுத்து, அதற்குக் கூலியும் பெறுகின்ற ஒருவரோடு நீங்கள் தொடர்ந்து கூட்டு வியாபாரம் செய்யலாமா? இது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பல நல்ல மனிதர் தடுமாறுகின்றனர். அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு விவகாரம் இதை நமக்கு விளக்குகின்றது.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 2017ஆம் ஆண்டு 'சப்ஸ்டாக்' என்னும் கம்பனி ஆரம்பிக்கப்பட்டது. எழுத்தாளர் ஒருவர் எழுதுவதை அவருடைய சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் மடலாக அனுப்பிவைப்பது இதன் தொழில். வாசகர் சந்தா செலுத்தினால், அதில் நூற்றுக்கு 10 வீதம் கம்பனிக்குச் சேரும். பத்திரிகை முதலாளிகளின் தயவின்றி எழுதிப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையோடு பலர் அங்கு சென்றனர்.

2023 நவம்பரில் 'அட்லாண்டிக்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் ஜொனதன் காட்ஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். நாசிச் சின்னங்களை வெளிப்படையாகத் தாங்கிய மடல்கள் குறைந்தது 16 அத்தளத்தில் வெளிவருவதையும், இவ்வகை மடல்கள் சில சந்தாப் பணம் பெறுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். அறுபது இலட்சம் யூதரைக் கொன்றொழித்த கொள்கையின் சின்னங்கள் அவை. அடுத்த மாதமே, அத்தளத்தில் எழுதும் 200க்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கடிதம் எழுதி, கம்பனியிடம் விளக்கம் கேட்டனர்.

ஸ்தாபகர்களில் ஒருவரான ஹமிஷ் மக்கென்சி பதிலளித்தார். நாசிகளைத் தமக்கும் பிடிக்காது என்றார். ஆயினும், தடைசெய்வதாலோ வருமானத்தை நிறுத்துவதாலோ அக்கொள்கை ஒழியாது, நிலைமை இன்னும் மோசமாகும் என்பது அவருடைய வாதம். 2024 ஜனவரியில் ஐந்து மடல்கள் நீக்கப்பட்டன, கொள்கை மாறவில்லை. 'பிளாட்போமர்' என்னும் மடலின் ஆசிரியர் கேசி நியூட்டன் அம்மாதமே வெளியேறி, இலாப நோக்கற்ற ஸ்தாபனம் ஒன்று நடத்தும் 'கோஸ்ட்' என்னும் சேவைக்கு மாறினார். வேறு சிலரும் வெளியேறினர். பலர் அங்கேயே தங்கினர். கம்பனியின் நிலைப்பாடே சரியென்று கையொப்பமிட்டவர்களும் உண்டு.

அவர்களுடைய வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தடை என்பது என்னவென்று ஈழத்துத் தமிழ் வாசகர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சற்றடே றிவியூ' வாரப் பத்திரிகையை அரசு 1983 ஜூலையில் தடைசெய்தது. இன்று தீயவனுக்கு எதிராகத் தீட்டப்படும் கத்தி நாளை நம்மீதே விழலாம் என்ற பயம் நியாயமானது. ஆனால் அரசு தன் பலத்தைக் கொண்டு ஒருவன் வாயை அடைப்பது ஒன்று. ஒரு கடைக்காரர் "இந்தச் சரக்கை என் கடையில் விற்கமாட்டேன்" என்று சொல்வது மற்றொன்று. முன்னது பிறருடைய சுதந்திரத்தில் கைவைக்கின்றது. பின்னது தன் சொந்த மனச்சாட்சியைக் காத்துக்கொள்கின்றது.

"நாம் தபாற்காரன் மட்டுமே, கடிதத்தில் என்ன இருக்கிறதென்று பார்ப்பது நம் வேலையல்ல" என்று கம்பனி சொல்லுமாயின், தபாற்காரன் கடிதத்துக்கு வந்த காசோலையில் பத்திலொரு பங்கு கேட்பதில்லை. எந்தக் கடிதத்தை வாசிக்கலாமென்று அவன் சிபாரிசு செய்வதுமில்லை. இத்தளமோ மடல்களைத் தானே வாசகருக்குச் சிபாரிசு செய்கின்றது. 2025 ஜூலையில் நாசி மடல் ஒன்றுக்கான அறிவித்தல் வாசகர் சிலரின் கைத்தொலைபேசிக்கே சென்று சேர, அது தவறுதலாக நடந்ததென்று கம்பனி வருத்தம் தெரிவித்தது. அன்றியும், ஆபாசப் படங்களுக்கு அங்கு ஏற்கெனவே இடமில்லை. ஆகவே வாசலில் காவல் இருக்கத்தான் செய்கின்றது. யாரை உள்ளே விடுவதென்பதே கேள்வி.

இக்கேள்விக்குத் தம் உயிரால் விடை சொன்ன ஒரு குருவானவர் இருக்கிறார். ஒல்லாந்து தேசத்துக் கார்மேல் சபைக் குருவான தீத்துஸ் பிராண்ட்ஸ்மா, அந்நாட்டுக் கத்தோலிக்கப் பத்திரிகையாளரின் ஆன்ம ஆலோசகராக இருந்தவர். ஜேர்மனியர் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், ஒல்லாந்து நாசிக் கட்சியின் விளம்பரங்களைப் பத்திரிகைகள் மறுக்கக்கூடாது என்று கட்டளை பிறந்தது. "விளம்பரம் கட்சியினுடையது, நாம் அச்சிடுகிறோம், அவ்வளவுதான்" என்று சொல்லித் தப்பிக்கொள்ள வழியிருந்தது. ஆயர்கள் அதற்கு இணங்கவில்லை. தீத்துஸ் அடிகள் 1942 ஜனவரியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரிற் சென்று, மறுத்துவிடும்படி ஆசிரியர்களைத் திடப்படுத்தினார். அதே மாதம் 19ஆம் திகதி கைதானார். ஜூலை 26ஆம் திகதி டாக்காவ் சிறைமுகாமில் நச்சு ஊசியேற்றிக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் நம் தேவசகாயம்பிள்ளையோடு ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே.

அவருடைய மறுப்பினால் நாசிக் கட்சி அன்று அழிந்துவிடவில்லை. எழுத்தாளர் சிலர் வெளியேறியதால் சப்ஸ்டாக் மூடப்படவுமில்லை. அப்படியானால் பயன் என்ன? தன் பாட்டன் பாட்டியை நச்சுவாயுவுக்குப் பறிகொடுத்த ஒரு யூத வாசகரை நினைத்துப் பாருங்கள். தாம் விரும்பி வாசிக்கும் எழுத்தாளருக்குத் தாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பங்கு, ஸ்வஸ்திகாவுக்கும் கூரை போட்டுக்கொடுக்கும் வீட்டுக்குச் செல்வதை அவர் அறிகின்றார். வெளியேறும் எழுத்தாளர் அவருக்கு, "உம்மைவிட எனக்கு இந்த வீட்டின் வசதி பெரிதல்ல" என்று சொல்லுகின்றார். அது சிறிய காரியமல்ல.

எனினும், தங்கியிருப்போர் எல்லாரையும் நாம் தீர்ப்பிடலாகாது. தீமைக்கு உடந்தையாவதில் இரு வகை உண்டென்று புனித அல்போன்ஸ் லிகோரியார் முதலிய ஒழுக்கவியல் அறிஞர் கற்பித்தனர். தீயவனின் நோக்கத்தையே ஏற்று உதவுவது ஒருபோதும் ஆகாது. நோக்கத்தை வெறுத்தும், தன் தொழில் நிமித்தம் அதற்கு ஏதோ உதவ நேர்ந்தவனோ, தான் அத்தீமைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறான், விலகினால் என்ன இழப்பான், பிறருக்கு எவ்வளவு இடறலாகிறான் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சில நூறு டொலர் சந்தாவில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் எழுத்தாளருக்கும், பேரும் புகழும் பெற்றவருக்கும் இத்தராசு ஒரே நிறையைக் காட்டாது. சந்தாதாரர் பட்டியலைக் கூடவே எடுத்துச் செல்லலாம்; ஆனால் புதிய வாசகரைத் தேடித்தரும் சிபாரிசு கிடைக்காது. ஆகவே தாங்கக்கூடியவரே முதலில் எழுந்து போகவேண்டும். போக முடியாதவர் மௌனமாயிராமல் உள்ளிருந்தே தம் ஆட்சேபத்தைச் சொல்லட்டும்.

இது எழுத்தாளரின் பிரச்சினை மட்டுமல்ல. பத்திரிகை வாங்குகிறவரும், கைத்தொலைபேசியில் ஒரு தளத்துக்குச் சந்தா கட்டுகிறவரும் நாமே. நம் காசு எந்தக் கைகளுக்குப் போகிறதென்று வீட்டில் பிள்ளைகளோடு இருந்து ஒருமுறை பேசிப் பாருங்கள். நம் இனத்தைத் தூற்றும் எழுத்துக்கு இடங்கொடுப்பவரைக் கண்டு கொதிக்கும் நாம், வேறோர் இனத்தைத் தூற்றும் எழுத்துக்கு இடங்கொடுப்பவருக்கும் அதே கண்டிப்போடு நம் சந்தாவை மறுப்போமா? இந்த விஷயத்தில் நம் நேர்மையை அளக்க அதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.