கேட்பது பற்று ஆகுமா?

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அங்கிருக்கும் பெரிய சோதனைச் சாவடிதான் ஊரின் அடையாளம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கேட் மீட்டிங்குகளில் முழங்கியவர்கள், சங்கத்துக்குச் சந்தா வசூலித்தவர்கள். அறுபதைத் தாண்டிய பிறகு, பி.எஃப். பென்ஷனை உயர்த்தக் கேட்டு மறுபடியும் கொடி பிடிக்கும்போது, அவர்கள் காதில் ஒரு வாக்கியம் தவறாமல் விழுகிறது: “இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்? கோயில் குளம்னு நிம்மதியா இருக்கக் கூடாதா?”

சொல்பவர்கள் பெரும்பாலும் சொந்தப் பிள்ளைகள், அக்கம்பக்கத்தார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வெயிலில் நிற்கிறாரே என்ற கவலையும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கவலைக்குள் நீண்ட மரபு ஒன்றும் இருக்கிறது. தலை நரைத்து, பேரனைப் பார்த்த பிறகு வீட்டுப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் காட்டுக்குப் போகச் சொல்கின்றன தர்ம சாஸ்திரங்கள். வானப்பிரஸ்தம் என்ற அந்த நிலையை இன்று யாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் முதுமை என்றால் ஒவ்வொன்றாக விட்டுவிடும் காலம் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அப்படியானால் எழுபது வயதில் பணம் கேட்டுக் குரல் கொடுப்பது ஆசையா, பற்றா? மெய்யாகவே விடை தேட வேண்டிய கேள்வி இது.

இதே ரயில் பாதையில் திருவொற்றியூர் இருக்கிறது. பட்டினத்தார் சமாதி அங்கே கடற்கரையோரம். துறவு என்றதும் தமிழர் மனத்தில் முதலில் வரும் பெயர் அவருடையது. காதற்ற ஊசியின் கதை தெரியாத வீடு கிடையாது. அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துபோவது ஒன்று உண்டு. பட்டினத்தார் பெருவணிகர், கப்பலில் சரக்கு அனுப்பியவர். அவர் விட்டது தன் கையில் இருந்த செல்வத்தை. கையில் இருந்ததை விட்டதால்தான் அது துறவு. தன்னிடம் வராமலே போனதை ஒருவர் துறக்க முடியாது. வர வேண்டியதை வரவிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, ‘பற்றை விடுங்கள்’ என்று பெரியவர்களுக்கு உபதேசம் செய்வதை எந்த அறநூலும் ஏற்காது.

அதே திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்னைவாசத்தின்போது ஓயாமல் போய்வந்தவர் இன்னொருவர்: வள்ளலார். அவர் 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்த வயிற்றைத் தாண்டிப் போகும் ஆன்மிகத்தை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. மோட்சத்துக்கான வழியையே பசி தீர்ப்பதில் வைத்தார். பட்டினத்தாரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வள்ளலாரை மறந்துவிடுவது, முதியோருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

வர வேண்டியது எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தனியார் ஆலைத் தொழிலாளர்களுக்கான இப்போதைய பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளி கட்டும் 12 சதவீதப் பி.எஃப். பங்கில் 8.33 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. கணக்கு எளிது: உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நாற்பது வயதில், 1995-ன் கடைசியில் பி.எஃப். பதிவுக்குள் வந்து, 2013-ன் கடைசியில் 58 வயதில் ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் அன்றைய உச்சவரம்பு 6,500 ரூபாய். பதினெட்டு ஆண்டுக்கு வருவது 1,671 ரூபாய். பஞ்சப்படி கிடையாது. அன்றைக்கு 1,671, இன்றைக்கும் அதே 1,671.

இதற்கும் கீழே இருந்தவர்களுக்காக 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அப்போது மானிய விலையில் ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர் 400 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2025 ஏப்ரலில் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. அந்த ஆயிரம் ரூபாயில் ஒரு சிலிண்டர் வாங்கினால் மீதி ஒரு வாரத்துக் காய்கறிக்குக்கூடக் காணாது. இதற்கிடையில் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையையும் நிறுத்தினார்கள். எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்துத் தந்த சலுகை அது. கோயில் குளம் என்று போவதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் அல்லவா?

பென்ஷன் நிற்காமல் வர வேண்டுமானால், தான் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். ‘ஜீவன் பிரமாண்’ என்பது அந்தச் சான்றின் பெயர். கணினி மையத்தில் விரல் வைக்கும் கருவி சிவப்பு ஒளியோடு காத்திருக்கும். சூட்டோடு வரும் கம்பியின் பக்கத்தில் முப்பது வருடம் இடுக்கி பிடித்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கட்டைவிரலை வைத்தால் ஏற்காது. துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதி வந்த பிறகு இந்த அல்லல் குறைந்திருக்கிறது. ஆனாலும் வேலை தின்றுவிட்ட ரேகையைக் காட்டி, அந்த வேலைக்கான பணத்தைக் கேட்க வேண்டிய நிலையைப் பார்க்கிறபோது, இதைக் கருணை என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

கருணையா, கடனா என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ல் பதில் சொல்லிவிட்டது. பாதுகாப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நகாரா என்பவர் தொடுத்த வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்த வெகுமதி அல்ல, முன்பு செய்த வேலைக்கான ஊதியம் என்று தீர்ப்பளித்தது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். அந்த வழக்கு அரசு ஊழியர்களைப் பற்றியது. ஆனால் அதிலுள்ள நியாயம் ரோலிங் மில் வாசலில் நின்றுவிடக்கூடியதல்ல.

மதங்களிடம் போனாலும் இதே பதில்தான். தொழிலாளியின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்னவர் நபிகள் நாயகம். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறது பைபிளில் யாக்கோபின் நிருபம். பென்ஷனோ வியர்வை காய்ந்து இருபது, முப்பது வருடம் கழித்துத் தருகிற கூலி. இவ்வளவு காலம் தாழ்த்தியதற்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கீதையைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யச் சொல்கிறதே என்பார்கள். அந்த அறிவுரை வேலை செய்கிறவன் தன் மனத்தை வைத்துக்கொள்ள வேண்டிய விதத்தைப் பற்றியது. கூலி கொடுக்க வேண்டியவனுக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. மாறாக, பெற்றதைத் திருப்பித் தராமல் அனுபவிக்கிறவனைத் திருடன் என்றே மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. அதையும் சேர்த்துத்தான் கீதையைப் படிக்க வேண்டும்.

வள்ளுவர் இன்னும் நெருக்கமாக வருகிறார். ஈகை என்ற அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தவர் அவர். இரந்துதான் வாழ வேண்டும் என்று ஒருவனுக்கு விதித்திருந்தால் படைத்தவனே கெட்டலையட்டும் என்று சபிக்கும் அளவுக்கு அவருக்குக் கோபம் வருகிறது. இல்லறத்தான் யார் யாரையெல்லாம் காக்க வேண்டும் என்று அவர் ஐந்து பேரை எண்ணும்போது கடைசியில் ‘தான்’ என்பதையும் சேர்க்கிறார். அந்த ஒரு சேர்க்கை பெரிய விஷயம். தன்னைத் தாங்கிக்கொள்வதும் அறக்கடமைகளில் ஒன்று. தனக்கு வர வேண்டியதைக் கேட்கிற முதியவர் அந்தக் கடமையைச் செய்கிறார்.

பக்தியும் உரிமைப் போராட்டமும் எதிரெதிர் என்ற எண்ணத்துக்குச் சென்னையின் வரலாறே சாட்சி சொல்லாது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தது. அது கருக்கொண்ட இடம் பெரம்பூர்ப் பகுதியில் இருந்த ஒரு பஜனை சபை. ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்பது அதன் பெயர். அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் கதை கேட்கவும் பஜனை பாடவும் அங்கே வருவார்கள். வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தங்கள் குறையையும் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை. மேஸ்திரிகளின் அடியும் வசவும் தாங்கவில்லை. நாயுடுவும் செட்டியாரும் இதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். சைவத்தில் ஊறிய திரு.வி.க.வும் துணை நின்றார். வாடியா தலைவரானார்.

பஜனைப் பாட்டுக்கும் சோற்று நேரத்துக்கும் இடையில் அந்தத் தொழிலாளர்கள் எந்தச் சுவரையும் காணவில்லை. கோயிலுக்குப் போ அல்லது கொடி பிடி, இரண்டில் ஒன்று என்று பிரித்துவைத்தது பின்னால் வந்தவர்களின் வேலை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பென்ஷன் நிதியின் எதிர்காலக் கணக்கில் பற்றாக்குறை இருக்கிறது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவருகிறது. இன்றைய முதியவருக்குக் கூட்டிக் கொடுத்தால் நாளைய முதியவருக்கு என்ன மிஞ்சும்? நியாயமான கேள்விதான். ஆனால் நிதி குறைவாக இருப்பதால் கடன் இல்லாமல் போய்விடாது. யார் எப்படி அடைப்பது என்ற பேச்சு மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் பேச்சும் புதிதல்ல. பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-லேயே குறைந்தபட்சம் 3,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. மகாராஷ்டிரத்தின் புல்டாணாவில் ஓய்வூதியர்கள் 2018 டிசம்பரில் தொடர் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பது 7,500 ரூபாயும் பஞ்சப்படியும். மத்தியத் தொழிற்சங்கங்கள் 9,000 கேட்கின்றன.

தமிழ்நாட்டிலேயே ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவி 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது வேண்டியதுதான், இன்னும் கூட்டவும் வேண்டும். ஆனால் தன் பெயரில் மாதாமாதம் பணம் கட்டப்பட்ட ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்சம் அதைவிடக் குறைவாக நிற்பதற்கு எந்தத் தர்மத்திலும் விளக்கம் இல்லை.

தொகையை உயர்த்துவதைவிடப் பஞ்சப்படியை முதலில் கேட்பதே சரி என்று தோன்றுகிறது. விலைவாசியோடு கட்டாத எந்தத் தொகையும் பத்து வருடத்தில் கரைந்துவிடும். அரசுப் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015 நவம்பருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய பஞ்சப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜனவரி 9-ல் தமிழகம் முழுவதும் தொடங்கிய பஸ் வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. அன்று ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிய ஓட்டுநர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் வரப்போவதில்லை. தங்களுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர்களுக்காக அவர்கள் சம்பளத்தை இழந்தார்கள். பிதிர்க்கடன் என்று நம்மவர்கள் சொல்வதற்கு உயிரோடு இருப்பவர்களுக்குச் செலுத்துகிற வடிவம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கும்மிடிப்பூண்டியில் இன்று ஷிப்டுக்குப் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கடனைக் கேட்பதற்குக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பத்து ஆண்டுப் பணி சேராவிட்டால் பென்ஷன் கிடையாது. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் 10-சி படிவத்தைக் கொடுத்துப் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அதோடு அவர்களுடைய பணியாண்டுகளும் போயின. வேலை மாறினால் அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். பழைய கணக்கைப் புதியதோடு சேருங்கள், இல்லையென்றால் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் இருந்தால் அவருடைய ஜீவன் பிரமாண் தேதியை இன்றே பாருங்கள். முடியப் போகிறதென்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.