விரதம் யாருக்கு?

2025-ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11-இல் வந்தது. அதற்கான 48 நாள் விரதத்தை டிசம்பர் 25 அன்று தொடங்கினேன். அப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பொறியியல் பயிற்சியில் இருந்தேன். சிம்பாங் பூலாய் வீட்டிலிருந்து தினமும் மோட்டாரில் போய் வருவேன். விடியற்காலை எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சாமி மேடைமுன் நின்று கும்பிடுவேன். இதுவரை எல்லாம் சரிதான்.

ஆனால் சாமி மேடைக்குப் போவதற்கு முன் இன்னொரு வேலையும் செய்வேன். எடை பார்க்கும் மிஷின்மேல் ஏறி நிற்பேன். அது காட்டும் எண்ணைப் போனில் குறித்துக்கொள்வேன். முதல் நாள் 94.6 கிலோ.

இதை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த என் பாட்டி, ஐந்தாம் நாள் கேட்டுவிட்டார்.

“யாருக்குய்யா விரதம்? முருகனுக்கா, இந்த மிஷினுக்கா?”

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உடம்பைக் குறைப்பதற்காக ஒருவன் சைவம் சாப்பிட்டால், அதை விரதம் என்று சொல்லலாமா? நம் இளைஞர்களில் பலர் இன்று இந்த இடத்தில்தான் நிற்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த விரதத்தில் முருகனுக்குப் பாதி, மிஷினுக்குப் பாதி. சொல்லப்போனால் மிஷினுக்குக் கொஞ்சம் கூடவே. என் அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர். 2019-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருப்பதாகச் சொன்னது. நம் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றும் சொன்னது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! என் இரத்தப் பரிசோதனையும் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. பயந்துவிட்டேன். தைப்பூசம் வருகிறது, கறியை விட்டால் தானாக இளைத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

இளைக்கவில்லை. பதினான்காம் நாள் மிஷின் 95.3 காட்டியது.

பொறியியல் படிப்பவனுக்கு இது வெட்கம். சக்தி ஆக்கவும் படாது, அழிக்கவும் படாது என்று முதல் வருடத்திலேயே படித்தோம். உள்ளே போனது செலவாகாவிட்டால் உடம்பில் தங்கத்தான் செய்யும். ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நான் என்ன சாப்பிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். மார்கழி மாதம், கோயிலில் காலையிலேயே சர்க்கரைப் பொங்கல். பத்து மணிக்கு வடையும் தே தாரேவும். மதியம் வாழையிலைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், நாலைந்து அப்பளம். கூடவே சீனர் சைவக் கடையில் எண்ணெயில் பொரித்த ‘சைவக் கோழி’. மாலையில் பீசாங் கோரேங். அத்தனையும் சைவம்தான். ஆனால் கோழியில் வந்த கலோரியா, வடையில் வந்த கலோரியா என்று மிஷின் பார்ப்பதில்லை.

அதன்பிறகுதான் தட்டைத் திருத்தினேன். நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறைதான். கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, தெம்பே, தாவு அல்லது பச்சைப்பயறு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். தே தாரே போய் தே ஓ கோசோங் வந்தது. கேமரன் மலைக் காய்கறி லாரிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்குகின்றன. அப்படியிருந்தும் அதுவரை என் தட்டில் காய் என்றால் உருளைக்கிழங்குதான்! மாலையில் தாமானைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தேன். 48-ஆம் நாள் 91.8 கிலோ. (பால், தயிரையும் விட்டுவிட நினைக்கும் நண்பர்கள் வைட்டமின் பி12 பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செடிகொடி உணவில் மட்டும் அது போதுமான அளவு கிடைக்காது.)

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். வழியில், தெரிந்த ஒரு மாமா தன் மகனிடம் என்னைக் காட்டிச் சொன்னார். “பாத்தியா, அண்ணன் 48 நாள் சுத்தமா இருந்தாரு. மூஞ்சியில தெரியுது பாரு பக்தி.”

மூஞ்சியில் தெரிந்தது பக்தி அல்ல, கன்னம் வற்றியதுதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். பால்குடத்தைவிட அதுதான் அன்று பாரமாக இருந்தது.

அப்படியானால் எடை குறைய வேண்டும் என்று நினைத்தது தப்பா? தப்பில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள்ளேயே இறைவன் இருப்பதைக் கண்டு உடம்பைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் பாடியிருக்கிறார். இத்தனை பேருக்கு நீரிழிவு உள்ள ஒரு சமுதாயத்தில் இருபது வயதுக்காரன் தன் உடம்பைக் கவனிப்பதை வெறும் அழகு ஆசை என்று தள்ளிவிட முடியாது. அதுவும் ஒரு கடமைதான்.

ஆனால் ஒரு கடமைக்கு இன்னொரு கடமையின் பெயரை வைக்கக் கூடாது. இதைத் திருக்குறள் அதிகார வரிசையே எனக்குக் காட்டியது. ‘புலால் மறுத்தல்’ அறத்துப்பாலில் 26-ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது ‘அருளுடைமை’, பிந்தியது ‘தவம்’. அளவறிந்து, பசித்தபின் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் ‘மருந்து’ அதிகாரமோ வெகுதூரம் தள்ளிப் பொருட்பாலில், 95-ஆவதாக இருக்கிறது. வள்ளுவர் இரண்டையும் சொன்னார், ஆனால் ஒன்றாகக் கலக்கவில்லை. உடம்புக்காக அளவாகச் சாப்பிடுவது வேறு. இன்னொரு உயிர்மேல் இரக்கம் கொண்டு அதன் உடலை உண்ணாமல் விடுவது வேறு. ‘தவம்’ முடிந்த கையோடு 28-ஆம் அதிகாரம் ‘கூடாவொழுக்கம்’. அது வெளியில் தவ வேடமும் உள்ளே வேறு எண்ணமும் உள்ளவர்களைப் பற்றியது. அதைப் படித்தபோது அந்த மாமாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் எடை குறைத்தது பொய்யில்லை. தலையை ஆட்டினேனே, அதுதான் பொய்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். மாமாக் கடையில் அயாம் கோரேங்கைக் கடித்துக்கொண்டே அவன் கேட்டான். “அப்ப எண்ணம்தானடா முக்கியம்? கண்ணப்ப நாயனார் சிவனுக்கே பன்றிக் கறி படைச்சாரு. அறுபத்து மூவர்ல அவரும் ஒருத்தர்தானே?”

நல்ல கேள்வி. சைவம் என்றால் தட்டு மட்டுமில்லை என்பதற்குக் கண்ணப்பர் பெரிய சாட்சி. கறி சாப்பிடுபவரைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மில் யாருக்காவது இருந்தால், காளத்தியை நினைத்து அதை விட்டுவிட வேண்டும். ஆனால் கண்ணப்பர் கறியோடு நிற்கவில்லை. தன் கண்ணையே எடுத்து அப்பினார். நாம் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணை விட்டுவிடுகிறோம். எண்ணம்தான் முக்கியம் என்று சொல்பவன், அந்த எண்ணத்துக்காக என்ன கொடுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் என்ன கொடுத்தேன்? அம்மா 48 நாளும் ஐந்து மணிக்கு எழுந்து எனக்கென்று தனிச்சட்டியில் சமைத்தார். அந்தச் சட்டியை நான் ஒருநாள்கூடக் கழுவியதில்லை. விரதம் என்னுடையது, சுமை அம்மாவுடையது.

பூசம் முடிந்து ஒரு வாரத்தில் கோழிக்குத் திரும்பினேன். ஏப்ரல் மாதம் மிஷின் 94 காட்டியது. பழைய இடத்துக்கே ஏறக்குறைய வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காந்தி 1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசியதைப் படித்தேன். உடல்நலத்துக்காக மட்டும் சைவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டதைத் தாம் பார்த்ததாகவும், சைவம் நிலைக்க ஓர் அற அடித்தளம் வேண்டும் என்றும் அங்கே சொல்லியிருக்கிறார். எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் காந்தியும் சரியான காரணத்தோடு தொடங்கியவர் அல்லர். 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் மாமிசத்தைத் தொடாமல் இருந்தார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய ஒரு சிறுநூலைப் படித்த பிறகுதான் சைவத்தைத் தாமாகத் தேர்ந்துகொண்டார். அவரும் அப்போது நம்மைப் போல ஒரு மாணவர்தான். எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினோம் என்பது பெரிய குற்றமில்லை. அந்தக் காரணத்திலேயே நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

கடைசியில் பாட்டியிடமே போய்க் கேட்டேன். கோப்பேங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். “உங்க காலத்துல எப்படி பாட்டி விரதம் இருந்தீங்க?”

“எங்களுக்குக் கறி கெடைக்கிறதே சம்பளம் போட்டா, தீவாளி வந்தா. அத விடுறது பெரிய காரியமாய்யா? தெனம் ஒலையில அரிசி போடுறப்ப ஒரு பிடி எடுத்துத் தனியா வைப்போம். லயத்துல எல்லா வீட்டுலயும் வைப்பாங்க. பூசத்துக்கு அதக் கோயில்ல கொண்டுபோய்க் கொட்டி, பொங்கி, வர்றவங்களுக்குப் போடுவோம். வாயக் கட்டுனா இன்னொரு வயிறு நெறையணும். இல்லைன்னா அது சும்மா பட்டினி.”

வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலை தொடங்கியதன் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. உயிரைக் கொன்று தின்னாதே என்று சொன்ன அவர், அத்தோடு நிற்காமல் பசித்தவனுக்கு அடுப்பு மூட்டினார். ஜீவகாருண்யத்தில் மறுப்பது ஒரு பாதி என்றால், கொடுப்பது மறுபாதி. என் 48 நாளில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது. ‘சைவக் கோழி’க்கு நான் செலவழித்த காசைக் கணக்குப் பார்த்தால் அந்தப் பாதியும் சந்தேகம்தான்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் சைவம். முழுச் சைவம் ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். என் சட்டியை நானே கழுவுகிறேன். இரண்டு நாளாவது எல்லாருக்கும் நானே சமைக்கிறேன். அப்பாவும் அதே தட்டில் சேர்ந்துகொண்டார். வெளியில் சாப்பிடாமல் மிச்சமாகும் வெள்ளி ஒரு மைலோ டின்னில் சேர்கிறது. மாதக் கடைசியில் அது அரிசியாகிக் கோயில் அன்னதானத்துக்குப் போகிறது. மிஷின் 92-க்கும் 93-க்கும் நடுவில் நிற்கிறது. தினமும் ஏறிப் பார்ப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

நண்பர்களே, அடுத்த விரதத்துக்கு மாலை போடும்முன் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் இதைத் தொடர்வேனா? என் விரதத்தின் சுமை யார் தலையில், அதன் நன்மை யார் வயிற்றில்? உடம்பைக் குறைக்கத்தான் என்றால் தாராளமாகக் குறையுங்கள், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் அவன் பெயரைச் சொன்னால், நாளும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.