விளக்கெரியும் சன்னல்கள்

சாந்தோமில் வாழும் நம் நண்பர் ஒருவர், பணி ஓய்வுக்குப்பின் பழைய விமானங்களின் மாதிரிகளைச் செய்து வருகிறார். சென்ற மழைக்காலத்தில் அவருடைய மேசைமீது இருந்தது, மூன்று வால்சிறகுகளும் நான்கு எஞ்சின்களும் கொண்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 72இல் ஒரு பங்காகக் குறுக்கப்பட்ட பிளாஸ்டிக் உருவம். 29 மீட்டர் நீளமுள்ள விமானம் 40 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது.

அதன் சன்னல்களில் உள்ளிருந்து வெளிச்சம் தெரியவேண்டும் என்பது அவர் விருப்பம். ரிச்சி தெருவுக்குச் சென்று சிறு எல்.இ.டி. விளக்குகள் வாங்கி வந்தார். ஏற்றிப்பார்த்த முதல் இரவு ஏமாற்றமே மிஞ்சிற்று. மெல்லிய பிளாஸ்டிக் ஆதலால், சன்னல்கள் மட்டுமன்றி உடல் முழுவதுமே, டிசம்பரில் நம் வீட்டு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம்போல் ஒளிர்ந்தது. உட்சுவரில் முதலில் கறுப்பு வண்ணம் பூசி ஒளி ஊடுருவாமற் செய்து, அதன்மேல்தான் வெள்ளை பூசவேண்டுமாம். அதற்கே ஒரு வாரம் சென்றது.

அடுத்த தொல்லை அதனினும் பெரிது. விளக்கில்லாத மாதிரியின் உள்ளே எதுவும் வேண்டியதில்லை. இருட்டு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். விளக்கேற்றியதும் உள்ளிருக்கும் வெறுமை வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே இருக்கைகள் செய்தார், நடைவழி அமைத்தார், திரைகள் ஒட்டினார். கடலைப்பருப்பளவு சன்னல் வழியாக ஒருபோதும் கண்ணுக்கு எட்டாத இருக்கைகளுக்கும் வண்ணம் தீட்டினார். இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு திறக்க இயலாது. "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நாம் கேட்டோம். அவர் விடை கூறாமல், விமானத்தின் மூக்கருகே எழுதவிருந்த பெயரைக் காட்டினார்: மலபார் பிரின்சஸ்.

1948 ஜூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்கு ஏர் இந்தியாவின் முதல் பன்னாட்டுப் பயணத்தை மேற்கொண்ட விமானம் அது. அதில் பயணம் செய்தவர்களுள் ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஒருவர். 1932இல் கராச்சியிலிருந்து சென்னை வரை தபால் விமானம் விட்ட அதே டாட்டா. தேநீரின் நிறம், இருக்கைகள் சாயும் அளவு என்று விமானத்தின் உட்புறக் குறைகளை ஒன்றுவிடாமல் குறித்தனுப்பும் பழக்கம் அவருக்கு உண்டு. அதைச் சிறுமை என்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவர் வந்து அமரப்போகிறார் என்ற நினைவே அந்தக் குறிப்புகளை எழுதச் செய்தது. ஆனால் மாதிரி விமானத்தில் அமர்வோர் யாருமில்லையே!

ஒருகாலத்தில் அமர்ந்தவர்கள் உண்டு. 1950 நவம்பர் 3ஆம் நாள் காலை, கெய்ரோவிலிருந்து ஜெனீவா நோக்கிச் சென்ற மலபார் பிரின்சஸ், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் மோதியது. 48 பேரும் இறந்தனர். பயணிகள் 40 பேர்; இந்தியக் கடலோடிகள், கப்பல் வேலைக்காகச் சென்றுகொண்டிருந்தவர்கள். முன்பின் அறியாத அவர்களைத் தேடிப் பனிமலை ஏறிய ரெனே பயோ என்னும் மலைவழிகாட்டியும் உயிரிழந்தார். 1966 ஜனவரியில் அதே மலையில் ஏர் இந்தியாவின் போயிங் விமானமொன்று விழுந்து 117 பேர் மாண்டபோது, அவர்களுள் ஹோமி பாபா இருந்ததால் உலகம் அந்த விபத்தை நினைவில் வைத்துக்கொண்டது. கடலோடிகளை யார் நினைக்கிறார்கள்?

இங்கேதான் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்தனை பேர் மாண்ட விமானத்தை விளையாட்டுப் பொருளாக்கி, வண்ண விளக்கும் ஏற்றி அழகு பார்ப்பது தகுமா? அந்த விபத்தைக் கருவாகக் கொண்டு ஹென்றி துருவாயா என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் ஒரு நாவல் எழுதினார். அதில் உடன்பிறந்தார் இருவர் சிதைந்த விமானத்தைத் தேடி மலையேறுகின்றனர். இளையவன் ஏறுவதோ இறந்தோர் உடைமைகளைக் கவர்வதற்கு. நம்முடைய ஆவலும் அவனுடைய ஆவலுக்கு உறவுதானோ என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டோம்.

நண்பர் சினம்கொள்ளவில்லை. தாமும் அதை நினைத்துப் பார்த்ததாகச் சொன்னார். மாதிரி என்பது ஏதேனும் ஒரு நாளில், ஒரு வேளையில் நின்றுவிடும் பொருள். 1948இன் விழாக்கோலத்தில் நிறுத்தினால் கடலோடிகளை மறந்ததாகும். மலையில் மோதிய வேளையில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மோதியது காலையில், ஆகவே சன்னல்களில் விளக்கு எரிகிறதென்றால் அது அதற்கு முந்திய இருள்நேரம். எனவே அவர் தேர்ந்துகொண்டது அந்த நேரத்தை: விமானம் மத்தியதரைக் கடலுக்கு மேலே, உள்ளே 48 பேரும் உயிரோடு. சிலர் உறங்குகிறார்கள், ஒருவர் விழித்திருக்கிறார்.

பயணிகளையும் செய்தார். ஒவ்வொருவரும் உட்கார்ந்த நிலையில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. சன்னலில் தலையின் நிழல் மட்டுமே தெரியும். இறக்கைக்கு மேலுள்ள வரிசையில் அதுவும் தெரியாது. எண்ணிக்கை குறையலாகாது என்று 40 பேரையும் செய்தே முடித்தார். நமது ஐயம் அதனால் முழுவதும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆட்களை விட்டுவிட்டு விளக்கை மட்டும் ஏற்றியிருந்தால் அதை நாம் மன்னித்திருக்கமாட்டோம்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை, நாம் இருவரும் குவிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெயர் அழிந்துபோன கல்லறைகளின்மீதும் யாரோ மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் நவம்பர் 3 என்பது இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. வீட்டிற்கு வந்ததும் அவர் அறையின் பெரிய விளக்கை அணைத்து, விமானத்தின் சுவிட்சைப் போட்டார்.

டிசம்பரில் அவருடைய பேரன் அதைக் கிறிஸ்துமஸ் குடிலின்மேல் தொங்கவிட வேண்டும் என்று அடம்பிடித்தான். சென்னையில் குடில்களில் ரயிலும் விமானமும் வைப்பது புதிதன்று. நண்பர் மறுத்துவிட்டார். நம் கருத்து வேறு. வயிற்றுப்பாட்டுக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரவில் வழிப்பயணம் போகிறவர்களுக்குக் குடிலில் இடமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அவர் இன்னும் இசையவில்லை. விமானம் அலமாரியில்தான் இருக்கிறது.