வெயிலில் ஒரு மீன்கூடை

ஸ்பானிய ஓவியர் ஹோவாகின் சொரோயா 1909இல் வலென்சியா கடற்கரையில் மனைவி க்ளோதில்தேயையும் மகள் மரியாவையும் வரைந்தார். வெள்ளை உடையில் இருவரும் அலையோரம் நடக்கிறார்கள். துணி மடிப்புகளில் நீலமும் ஊதாவும் மினுங்குகின்றன. என் அம்மாவிடம் காட்டினேன். "இந்த வெள்ளையை யார் துவைச்சாங்க?" என்றார்.

அன்றிலிருந்து அவருடைய கடலோர ஓவியங்களை வேறு விதமாகப் பார்க்கிறேன். 1915இல் வரைந்த 'வலென்சிய மீனவப் பெண்கள்' ஓவியத்தில், மீன்கூடைகளோடு நிற்பவர்கள் மேலும் அதே தாராள வெயில். ஒளி ஆள் பார்த்து விழவில்லை. ஆனால் கூடையின் கனம் அந்த ஒளியில் கரைந்துவிடுகிறது.

உழைப்பின் வலி அவருக்குத் தெரியாததல்ல. 1894இல், படகுக்குள் அடிபட்டுக் கிடக்கும் மீனவ இளைஞனை வரைந்து, 'இன்னமும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!' என்று தலைப்பிட்டவர் அவர். எருதுகளோடு படகிழுக்கும் ஆண்களையும் வெயிலில் அழகாக்கினார்தான். ஆனால் வேலையில் அடிபட்ட பெண்ணை அவர் ஓவியங்களில் நான் பார்த்ததில்லை.

அழகை ரசிப்பது பிழையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வெயில் இல்லாவிட்டால் இந்தப் பெண்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். உலா வந்தவர்களின் பெயர் தெரியும். இவர்களுக்குத் தலைப்பில் தொழில் மட்டும்தான். ஓவியருக்காக நின்ற நேரத்தில் கூடையைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடிந்ததா?