மனச்சாட்சியின் குரலா, வீண் சஞ்சலமா?

வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்ற ஐயம் எழுந்தால் ஒருதரம் திரும்பிச் சென்று பார்க்கிறோம். பூட்டியிருக்கக் கண்டதும் மனம் ஆறுகிறது. இது எல்லோருக்கும் உள்ள கவலை. பார்த்த பின்னரும் ஐயம் தீராது, பத்துத்தரம் இருபதுதரம் திரும்பிச் செல்ல நேர்ந்தால், குறை பூட்டில் இல்லை என்பது தெளிவு.

பாவத்தைப் பற்றிய கவலையும் இப்படியே. பாவசங்கீர்த்தனம் செய்து எழுந்தவர், “எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா?” என்று மறுபடியும் வரிசையில் நிற்கிறார். செபத்தில் ஒரு சொல் தவறிவிட்டதென முதலிலிருந்து தொடங்குகிறார். இத்தகையவரைப் பக்தி மிகுந்தவர் என்று நாம் மெச்சுகிறோம். அது சரிதானா?

லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்வைப் பாருங்கள். 1522ஆம் ஆண்டு, மொன்செராத் மடத்தில், தம் வாழ்நாட் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள்களாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆயினும் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, எதையோ விட்டுவிட்டேன் என்ற எண்ணம் அவரை வதைத்தது. மறுபடி மறுபடி அறிக்கையிட்டும் ஆறுதல் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதிகொண்ட பின்னரே விடுதலை பெற்றார்.

தமது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அவர் தரும் உதாரணம் நுட்பமானது. தரையில் சிலுவை வடிவாய்க் கிடந்த வைக்கோலை ஒருவன் தற்செயலாக மிதித்துவிட்டு, அது பாவம் எனத் தீர்மானித்தால் அது வெறும் தவறான தீர்ப்பு. போதனையால் திருத்தலாம். ஆனால், “பாவம் செய்தேனோ?” என்ற எண்ணமும், “இல்லை” என்ற எண்ணமும் மாறி மாறி இழுத்தால் அதுவே சஞ்சலம். அதற்கு எந்தப் பதிலும் போதாது.

இன்றைய வைத்தியர்கள் இதன் கடுமையான நிலையை எண்ணச் சுழற்சி நோய் என்பர். ராக்மன் என்பவரும், இலங்கையரான பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதைக் கண்டனர். ஆகவே கெட்ட எண்ணம் வருவது நோயுமன்று, பாவமுமன்று. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லையென்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? பக்தருக்குத் தேவதூஷணமான எண்ணமும், தாய்க்குத் தன் பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணமும் வருவதுண்டு. தாம் மிக நேசிப்பதையே அவ்வெண்ணம் தாக்குவதால்தான் அவர்கள் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் சம்மதத்தின் அடையாளமன்று.

அப்படியாயின் வேறுபாட்டை எப்படி அறிவது? சாதாரண கவலை ஒரு செயலைக் காட்டும், செய்ததும் ஓயும். பிறன் பொருளை எடுத்தவனை மனச்சாட்சி உறுத்தினால், திருப்பிக் கொடுத்ததும் சமாதானம் பிறக்கும். நோயோ செயலால் ஓயாது. செய்யச் செய்ய வளரும். நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிவதையும், வேலையும் உறவும் கெடுவதையும் வைத்தியர்கள் அறிகுறிகளாகக் கொள்வர்.

“ஐயத்தைத் தள்ளிவிடுவது அசட்டையாகாதா?” என்று கேட்பீர்கள். ஆகாது. சஞ்சலமுள்ளவர் ஒரே ஆன்மகுருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று, தாமும் இத்துன்பத்தை அனுபவித்த புனித அல்போன்ஸ் லிகோரியார் போதித்தார். நிச்சயம் கிடைக்கும்வரை தேடிக்கொண்டேயிருப்பவர், இறைவனின் மன்னிப்பை நம்புவதற்குப் பதிலாகத் தம் ஞாபகசக்தியையே நம்பப் பார்க்கிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரே கேள்வியை நூறுதரம் கேட்டால், நூறுதரமும் “அது பாவமில்லை” என்று சொல்வது அன்புபோல் தோன்றும். ஆனால் அது நெருப்புக்கு விறகு. ஏசவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். “இதற்கு முன்பே பதில் சொல்லியாயிற்று, இந்தத் தவிப்பை உன்னோடு சேர்ந்து பொறுத்துக்கொள்வேன்” என்று அருகில் இருங்கள். மனநல வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அச்சத்தை எதிர்கொண்டும் சடங்கைச் செய்யாதிருக்கப் பழக்கும் பயிற்சியும், மருந்துகளும் பலருக்குச் சுகம் தருகின்றன. வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவன்று.

மனச்சாட்சி நம்மைத் திருத்தி இறைவனிடமும் அயலாரிடமும் அனுப்பும். நம்மை நமக்குள்ளேயே பூட்டிவைக்கும் குரலை மனச்சாட்சி என்று மதிக்க வேண்டியதில்லை.