நிறுத்தச் சொல்லும் கை

ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள்களில், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலையில் இரவு முழுவதும் மக்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குச் செல்லும் திருப்பயணிகள், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த தாய்மார், மாதா சுரூபம் வைத்த சிறு தேரைத் தள்ளிவரும் இளைஞர்கள் என அந்த வரிசை முடிவதில்லை. அவர்களுக்கும் விரைந்து வரும் லாரிகளுக்கும் நடுவே, சிவப்பு ஒளி வீசும் கோலைப் பிடித்தபடி ஒரு காவலர் நிற்பார். நாம் அவரைக் கடந்து போகிறோம். அவர் முகத்தை நினைவில் வைப்பதில்லை. வேறொரு நாளில் அதே மனிதர் நம் வண்டியை நிறுத்தி ஆவணங்களைக் கேட்டால் மட்டும் முகம் நன்றாக நினைவில் தங்கிவிடுகிறது.

கை நீட்டி ஒரு வண்டியை நிறுத்துவது எளிய செயல்போலத் தோன்றும். ஆனால் நிறுத்துபவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வருவது யார்? நம் காவிரிச் சமவெளியின் சாலைகளில் பல, ஆற்றங்கரை மேலேயே செல்லும் குறுகிய சாலைகள். இருபுறமும் வயல், ஒதுங்க இடமில்லை. மார்கழியில் பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படாது. கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும் லாரியும், ஆற்றிலிருந்து திருட்டு மணல் அள்ளி வரும் லாரியும் முகப்பு விளக்கில் ஒன்றுபோலவே தெரிகின்றன. காரைக்காலிலிருந்து சாராயம் கடத்தி வருபவனும், மருத்துவமனைக்கு மனைவியை அழைத்து வருபவனும் ஒரே வேகத்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நிறுத்திய பிறகுதான் வேறுபாடு தெரியும். சில வேளைகளில் அது தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

2020 சனவரி 8 இரவு, குமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தவர். மறு ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் உதவி ஆய்வாளர் பாலு சரக்கு வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். குடிபோதையில் இருந்த ஒருவரை அவர் கண்டித்து நடவடிக்கை எடுத்ததே அதற்குக் காரணம். இடையில் 2020 ஆகஸ்டு 18 அன்று, அதே மாவட்டத்தில், தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்கச் சென்ற இளங்காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்கு இரையானார்.

நமக்கு அருகில் நடந்தது ஒன்று. 2021 நவம்பர் 21 விடியுமுன், திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். இருசக்கர வாகனத்தில் ஆடு திருடிச் சென்றவர்களை நிறுத்தச் சொன்னார், அவர்கள் நிற்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூருக்கு அருகே பள்ளத்துப்பட்டி வரை விரட்டிச் சென்று பிடித்தார். துணைக்கு ஆள் வந்து சேருமுன் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதான மூவரில் மூத்தவருக்கு வயது 19. மற்ற இருவரும் சிறுவர்கள். பிடிபட்ட இளைஞனின் தாயை அவர் கைப்பேசியில் அழைத்துப் பேசினார் என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு பின்னர் தெரிவித்தார். நம் மனத்தை விட்டு அகலாத செய்தி அதுதான். திருடனைப் பிடித்தவர் விலங்கை எடுக்குமுன் அவன் தாயைத் தேடினார். அவன் யாரோ ஒருத்தியின் பிள்ளை என்று அவர் எண்ணிய நேரத்தில்தான் அரிவாள் வந்தது.

இந்த நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. குற்றம் சிறிதாக இருப்பதால் ஆபத்தும் சிறிது என்று கொள்வதற்கில்லை. ஆடும் குடிபோதையும் உயிரைப் பறித்த காரணங்கள். பெருங்கொள்ளையனைப் பிடிக்கச் செல்பவர் ஆயத்தமாகச் செல்கிறார். ஆட்டுத் திருடனை விரட்டுபவர் ஆயத்தமின்றிச் செல்கிறார். மேலும், இவற்றில் பல இரவில் நடந்தவை. துணை இல்லாதபோதோ, துணை எட்டாத தொலைவில் இருந்தபோதோ நடந்தவை.

பூமிநாதனின் மறைவுக்குப் பின், ரோந்து செல்வோர் துப்பாக்கி கொண்டு செல்ல வேண்டும், தற்காப்புக்கு அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று காவல்துறைத் தலைமை அறிவுறுத்தியது. அந்நாள்களில் நம் பங்கைச் சேர்ந்த தலைமைக் காவலர் ஒருவர் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "துப்பாக்கி எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க சாமி. எப்ப எடுக்குறதுன்னுதான் தெரியல. அவன் கை இடுப்புக்குப் போறப்பவா, அருவாளோட வெளிய வந்த பிறகா?" குருமடத்தில் நாம் பயின்ற ஒழுக்கவியல் நூல்களில் இக்கேள்வி இவ்வளவு தெளிவாகக் கேட்கப்பட்டதாக நினைவில்லை.

கேள்வியின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். அரிவாள் வெளியே வரும்வரை காத்திருந்தால் காவலர் இறக்கக்கூடும். கை இடுப்புக்குப் போன உடனே சுட்டால், ஓட்டுநர் உரிமத்தை எடுக்கப்போன ஒருவர் இறக்கக்கூடும். இது கற்பனை அன்று. 2016 சூலை 6 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்பவரின் காரைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் தாமாகவே காவலரிடம் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். உரிமத்தை எடுக்கக் கை நீட்டினார் என்று உடனிருந்த பெண் கூறினார். துப்பாக்கியை எடுக்கிறார் என்று அஞ்சினேன் என்று காவலர் கூறினார். மறு ஆண்டு நடுவர் குழு காவலரை விடுவித்தது. காரின் பின்னிருக்கையில் அந்தப் பெண்ணின் நான்கு வயதுக் குழந்தை இருந்தது.

அந்நாட்டில் ஒவ்வொரு வாகனச் சோதனையும் சாவை எதிர்நோக்கும் வேளை என்றே காவலர்க்குப் பயிற்சி தரப்படுவது வழக்கம். ஜோர்டன் பிளேர் உட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் புளோரிடா மாநிலத்தின் பத்தாண்டுப் பதிவுகளை ஆய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண வாகனச் சோதனையில் காவலர் கொல்லப்படுவது 65 இலட்சம் சோதனைகளுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாகக் கணக்கிட்டார். அந்த ஒன்றும் ஒரு மனிதர்தான். அவருக்கும் வீடு உண்டு. ஆயினும், எஞ்சிய எல்லாச் சோதனைகளிலும் நிறுத்தப்பட்டவர்களைக் கொலைகாரர்களாகவே பார்க்கக் காவலரைப் பழக்கினால், அந்தப் பார்வையே சிலரைக் கொல்லும். நம் ஊரில் துப்பாக்கிக்குப் பதில் காலும் லத்தியும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. 2018 மார்ச் 7 அன்று துவாக்குடி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் விரட்டிச் சென்று வண்டியை உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த மனைவி இறந்தார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தலைக்கவசம் அணியாததற்கு உயிர் விலையா என்று அன்றிரவு திரண்ட மக்கள் கேட்டதில் தவறில்லை.

பதற்றம் உடன் நிற்பவரையும் விட்டுவைப்பதில்லை. சென்னைக் கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைப் பிடிக்க ராஜஸ்தான் சென்ற ஆய்வாளர் பெரியபாண்டியன் 2017 டிசம்பர் 13 அன்று குண்டடிபட்டு இறந்தார். கொள்ளையர் சுட்டதாகவே முதலில் செய்தி வந்தது. அந்தக் குண்டு உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று ராஜஸ்தான் காவல்துறை பின்னர் கண்டறிந்தது.

இனி, தலைமைக் காவலரின் கேள்விக்கு வருவோம். நாட்டின் சட்டம் ஓரளவு பதில் தருகிறது. கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையான வழிகளையெல்லாம் கையாளலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அப்பிரிவு தரவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இருந்த இந்த வரம்பு, 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவிலும் தொடர்கிறது. தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் தற்காப்புரிமை காவலருக்கும் தனியே உண்டு.

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இதைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்துள்ளார். தன்னைக் காத்துக்கொள்பவரின் நோக்கம் தன்னுயிரைக் காப்பதாக இருக்கும்வரை, எதிரி இறந்தாலும் அவர்மீது குற்றமில்லை. ஆனால் தேவைக்கு மேற்பட்ட வன்மையைக் கையாண்டால் குற்றமாகும் என்பது அவர் கொள்கை. பொது அதிகாரம் பெற்றவர்க்குத் தனி மனிதர்க்கு இல்லாத உரிமை உண்டு என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. தனிப்பட்ட பகை உந்தினால் அந்த அதிகாரம் பெற்றவர்களும் பாவம் செய்கிறார்கள் என்கிறார். இந்தச் சிறு சேர்க்கையை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. 2025 ஆகஸ்டு 5 இரவு, உடுமலைக்கு அருகே தந்தைக்கும் மகனுக்கும் நடந்த சண்டையை விலக்கச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு நாள்களுக்குள் குற்றம் சாட்டப்பட்ட மகன்களில் ஒருவர் காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். தப்பியோடித் தாக்க முயன்றதாகக் காவல்துறை கூறியது. அது உண்மையா இல்லையா என்று தீர்ப்பிடும் இடத்தில் நாம் இல்லை. அதற்கென்றே இத்தகைய ஒவ்வொரு சாவையும் தனி விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நம்மை உறுத்தியது வேறு. செய்தி வந்த காலையில் நம்மவர் பலர் மகிழ்ந்தனர். தெருவில் இனிப்பு வழங்கத்தான் இல்லை. பகை உந்தியது காவலரையா என்று நமக்குத் தெரியாது. நம்மை உந்தியது தெரிகிறது.

ஆகவே காவலர் காத்திருக்க வேண்டும் என்பதே நம் பதில். கை இடுப்புக்குப் போனதற்காக ஒருவரைச் சுட முடியாது. அந்த ஓரிரு நொடி, எதிரே நிற்கும் அறியாத மனிதருக்கு உரியது. அவர் நல்லவராக இருக்கலாம் என்பதற்காக அந்த நொடியை அவருக்குக் கொடுக்கிறோம். ஆனால் "கொடுக்கிறோம்" என்று எழுதும்போதே நாணம் வருகிறது. கொடுப்பவர் காவலர், தம் உயிரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். நாமோ வீட்டில் உறங்குகிறோம். பிறருக்காக ஒருவரை ஆபத்தில் காத்திருக்கச் சொல்பவர்களுக்கு, அந்த ஆபத்தைக் குறைக்கும் கடமை உண்டு. அதைச் செய்யாமல் பொறுமையை மட்டும் கேட்பது நீதியன்று.

என்ன கடமை? வானளாவிய எதையும் நாம் கேட்கவில்லை. இரவில் ஒருவரைத் தனியே அனுப்பாதிருத்தல். சோதனைச்சாவடியில் நல்ல விளக்கும், வண்டிகளின் வேகத்தைக் குறைக்கும் தடுப்பும். அழைத்தால் துணை எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை முன்னரே கணக்கிட்டிருத்தல். உறக்கமும் வேண்டும். பகலெல்லாம் பந்தோபஸ்தில் நின்றவரை இரவில் ரோந்துக்கு அனுப்பினால், இடுப்புக்குப் போகும் கையை அவர் எப்படிச் சரியாக எடைபோடுவார்? வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தமிழக அரசு 2021இல் ஆணையிட்டது. அது தங்களுக்கு எத்தனை வாரம் கிடைத்தது என்று நம் பங்கிலுள்ள காவலர் குடும்பங்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். இரங்கல் செய்தியையும் ஒரு கோடி ரூபாயையும் ஒரே நாளில் அறிவிப்பதில் நம் அரசுகள் தேர்ச்சி பெற்றுவிட்டன. அந்தப் பணம் குடும்பத்திற்குத் தேவைதான், குறைகூறவில்லை. ஆனால் உடன் செல்லும் இரண்டாவது காவலருக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

பொதுநிலையினராகிய நமக்கும் பங்கு உண்டு. நிறுத்தச் சொன்னால் நிற்பது முதல் பங்கு. சோதனையைக் கண்டதும் சந்தில் வண்டியைத் திருப்பும் மகனின் திறமையை மெச்சும் தந்தையரை நாம் அறிவோம். பிடிபட்டவுடன் கட்சிக்காரரை அழைக்கும் பழக்கத்தைப்பற்றிச் சொல்லவே வேண்டாம்; சில வேளைகளில் பங்குத்தந்தையையும் அழைக்கிறார்கள். காவலர் கையூட்டுக் கேட்கிறாரே என்பார்கள். உண்மைதான், கேட்பவர்கள் உண்டு. திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர்களிடமும் அந்த நோய் இருந்தது. வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் கிடைக்கும் ஊதியத்தில் நிறைவு கொள்ளச் சொன்னார். கையூட்டு வாங்கும் ஒருவரால், வாங்காத பத்துப் பேர் நீட்டும் கைக்கும் மதிப்பில்லாமல் போகிறது. மதிக்கப்படாத கைதான் வெட்டுப்படுகிறது. இதைக் காவலர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

நற்செய்தியிலும் ஓர் இரவுக் கைது உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் நிகழ்ந்த அநீதியான கைது அது. பேதுரு வாளை உருவித் தலைமைக்குருவின் பணியாளர் மால்குவின் காதை வெட்டினார். ஏவப்பட்ட வேலையைச் செய்யவந்த ஒரு பணியாளர், கைதின்போது காயமடைகிறார். வாளை உறையில் போடச் சொன்ன இயேசு, அக்காதைத் தொட்டு நலமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். பாடுகளுக்கு முன் அவர் நலமாக்கிய கடைசி மனிதர், அவரைப் பிடிக்க வந்தவர். பெரிய வெள்ளியன்று இப்பகுதி வாசிக்கப்படும்போது நாம் பேதுருவின்மேல்தான் கண்வைத்திருக்கிறோம். மால்குவுக்காக எவரும் மறையுரை ஆற்றி நாம் கேட்டதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்களின் நினைவாகத் தொடங்கிய நாள் அது. அதன்பின் இரண்டு வாரத்திற்குள் கல்லறைத் திருநாள் வருகிறது. பணியில் மாண்ட காவலர்களுக்காகவும், 2020இல் சாத்தான்குளத்தில் கைதாகி உயிரிழந்த தந்தையையும் மகனையும் போன்று காவலில் மாண்டவர்களுக்காகவும் அன்றைய திருப்பலியில் சேர்த்தே மன்றாடலாம் என்று பங்குப்பேரவையில் சொன்னோம். இருவரையும் எப்படி ஒன்றாக வைப்பது என்று ஒருவர் கேட்டார். காவலர் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவருக்கும் மனவருத்தம்தான். அரை மணி நேரம் பேசினோம். முடிவில் அந்த அம்மையாரே எழுந்து, இரண்டு மன்றாட்டுகளையும் தாமே வாசிப்பதாகச் சொன்னார்.